256-ஓடு முடியாத கணக்கு

ஆசிரியருக்கு,

மாணவர் பக்கத்தில் வந்த மைக்ரோகண்ட்ரோலர் (கருவிகளை இயக்கும் சின்னக் கணினிச் சிப்) கட்டுரையில், பிடபிள்யூஎம் (மின்சாரத்தை வேகமாகப் போட்டு அணைத்து, போட்டிருக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் முறை) என்றால் 0 முதல் 255 வரை 256 படி என்று எழுதி, அதோடு விட்டுவிட்டீர்கள். நான் பாம்பனில் படகு விளக்கு, எக்கோ சவுண்டர் (ஆழம் காட்டும் கருவி) பழுது பார்க்கிறவன். அறிவியல் கண்காட்சிக்கு மாதிரிப் படகு செய்யும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டு கடைக்கு வந்துவிட்டார்கள். சுக்கானைத் திருப்பும் சர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) வெட்டி வெட்டி நகர்கிறதாம், மோட்டாரை மாற்ற வேண்டுமாம். மோட்டாரில் கோளாறே இல்லை.

256 என்பது ஆர்டுயினோ ஊனோ என்ற மைக்ரோகண்ட்ரோலர் பலகையில், பிடபிள்யூஎம் போடும் அனலாக்ரைட் கட்டளைக்கு உள்ள அளவு. அதிலுள்ள 16 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்கு 1.6 கோடி துடிப்பு) கடிகாரத்தை 1024-ஆல் வகுத்து, ஒரு சுற்றுக்கு 256 எண்ணும் 8 பிட் டைமருக்குக் கொடுத்தால், ஒரு எண்ணிக்கைக்கு 64 மைக்ரோ செகண்ட் ஆகும். முழுச் சுற்று சுமார் 16.4 மில்லி செகண்ட். படி 256 இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சர்வோ கவனிப்பது 1 முதல் 2 மில்லி செகண்ட் வரையுள்ள பல்ஸை, அதாவது ஒவ்வொரு சுற்றிலும் மின்சாரம் போட்டிருக்கும் நேரத்தை மட்டும்தானே! அந்த இடைவெளியில் 16 படிகூடத் தேறாது. 90 டிகிரி திரும்ப வேண்டிய சுக்கான் ஆறு ஆறு டிகிரியாகத் தாவாமல் என்ன செய்யும்?

அதே சிப்பில் ஒரு சுற்றுக்கு 65,536 வரை எண்ணக்கூடிய 16 பிட் டைமர் 1 இருக்கிறது. 8-ஆல் வகுத்தால் ஒரு எண்ணிக்கை அரை மைக்ரோ செகண்ட். 40,000 எண்ணினால் 20 மில்லி செகண்ட் சுற்று, வேண்டிய இடத்தில் 2000 படி. மலிவு சர்வோ அவ்வளவு நுணுக்கத்தைக் கண்டுகொள்ளாது, அது வேறு கதை. மாற்றிக் காட்டினேன், சுக்கான் வழுக்கிக்கொண்டு திரும்பியது.

16 பிட் என்றதும் எல்லா இடத்திலும் 65,536 படி கிடைத்துவிடும் என்றும் எழுதிவிடாதீர்கள். பம்பு மோட்டாரின் ரீங்காரம் காதில் விழக் கூடாதென்று 20 கிலோஹெர்ட்ஸில் ஓட்டினால், கடிகாரத்தின் 1.6 கோடி துடிப்பை 20,000-ஆல் வகுக்க மிஞ்சுவது 800 படிதான். 65,536-ம் வேண்டும் என்றால் 244 ஹெர்ட்ஸுக்கு இறங்க வேண்டும்.

அடுத்த முறை சர்க்யூட் படத்துக்குக் கீழே கடிகார வேகம், வகுக்கும் எண், டைமர் எத்தனை பிட் என்று ஒரு வரி போடுங்கள். இல்லாவிட்டால் நல்ல சர்வோவைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுவார்கள்.

— பழுதுபார்க்கும் கடைக்காரர், பாம்பன்