பாலயோகியும் அந்த ஒரு ஓட்டும்

ஆசிரியருக்கு,

முன்னாள் மக்களவைத் தலைவர் ஜி.எம்.சி. பாலயோகி பற்றிய உங்கள் கட்டுரை, அவர் கிழக்கு கோதாவரி ஜில்லா பரிஷத் (மாவட்ட ஊராட்சி) தலைவராக இருந்ததையும் 1996இல் அமலாபுரம் மக்களவைத் தொகுதியில் தோற்று ஆந்திர அமைச்சரானதையும் ஒரே வரியில் தாண்டிவிட்டது. 1998 மார்ச்சில் மக்களவைத் தலைவரானபோது அவருக்கு அவை அனுபவம் குறைவு என்ற முணுமுணுப்பு இருந்தது. முதல் தலித் சபாநாயகர் என்பதால் அது கொஞ்சம் உரக்கவே கேட்டது.

1999 ஏப்ரல் 17 நம்பிக்கை வாக்கெடுப்பை இன்னும் விளக்கியிருக்கலாம். ஒடிசா முதல்வராகிவிட்ட காங்கிரஸின் கிரிதர் கமாங், எம்.பி. பதவியை விடவில்லை; சட்டப்பேரவை உறுப்பினரும் ஆகவில்லை. உறுப்பினராகாமலே ஆறு மாதம் முதல்வராக இருக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் பிரிவு 164(4). ஆகவே அவர் மக்களவையில் வாக்களிக்கச் சட்டப்படி தடை இல்லை. வாக்களிப்பதா என்ற முடிவைக் கமாங்கின் மனசாட்சிக்கே விட்டார் பாலயோகி. கமாங் எதிர்த்து வாக்களிக்க, வாஜ்பாய் அரசு 269-270 எனக் கவிழ்ந்தது.

கமாங் ஒதுங்கியிருந்தால் 269-269. சமநிலையில் மட்டும் சபாநாயகருக்கு ஓட்டு உண்டு (பிரிவு 100). பாலயோகியின் தெலுங்கு தேசமோ அரசை ஆதரித்த கட்சி. கமாங்கைத் தடுத்திருந்தால் ஆட்சியின் கதி அவர் கைக்கே வந்திருக்கும். அதே ஆண்டு அக்டோபரில், புதிய மக்களவை அவரையே மீண்டும் தலைவராகத் தேர்ந்தெடுத்தது.