முதியோருக்குச் சர்க்கரை இறங்குவதும் ஆபத்து

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நீரிழிவைப் பற்றி நம் தமிழ் நாளேடுகளில் வரும் கட்டுரைகள் பெரும்பாலும் ஒன்றையே சொல்கின்றன: சர்க்கரை ஏறக்கூடாது, சீனியைக் குறையுங்கள், வாயைக் கட்டுங்கள். நாற்பது வயதுக்காரருக்கு அது பொருந்தும். எழுபதைத் தாண்டி இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கும், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் கிளிக்லசைட் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கும் அது பாதி உண்மைதான். ஏறிய சர்க்கரை ஆண்டுக்கணக்கில் கெடுக்கும். இறங்கிய சர்க்கரை ஒரே இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விடும். 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. மலேசிய இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அவர்களெல்லாம் வயதாகி வருகிறார்கள். அதனால் சர்க்கரை இறங்குவதைப் பற்றியும் தமிழில் விரிவாக எழுத வேண்டிய காலம் வந்துவிட்டது.

முதலில் எண்களைப் பார்ப்போம். இரத்தச் சர்க்கரையை அளக்கும் நம் நாட்டு மானிகள் மில்லிமோல் கணக்கில் காட்டுகின்றன. தமிழ்நாட்டிலிருந்து வாட்ஸ்அப்பிலும் யூடியூப்பிலும் வரும் அறிவுரைகளோ மில்லிகிராம் கணக்கில் பேசுகின்றன. மில்லிகிராம் எண்ணை 18-ஆல் வகுத்தால் நம் மானியின் எண் கிடைக்கும். அங்கே 180 என்றால் இங்கே 10.0, அங்கே 70 என்றால் இங்கே 3.9. அந்த 3.9-க்குக் கீழே போனால் உடனே கவனிக்க வேண்டும். 3.0-க்குக் கீழே போனால் மூளைக்கே போதிய சர்க்கரை கிடைக்கவில்லை என்று பொருள். இன்சுலின் போடும் முதியவர் இருக்கும் வீட்டில் இந்த இரண்டு எண்களையும் ஐஸ் பெட்டிக் கதவில் பெரிய எழுத்தில் ஒட்டி வைப்பது நல்லது.

வயதானால் சர்க்கரை ஏன் எளிதில் இறங்குகிறது? ஊசி வழியாகப் போகும் இன்சுலினில் கணிசமான பங்கைச் சிதைத்து அகற்றுவது சிறுநீரகம். அதன் வேகம் குறையக் குறைய, அதே 20 யூனிட் கூடுதல் நேரம் உடலில் நின்று வேலை செய்யும். இதற்கிடையே சாப்பாடு பாதியாகியிருக்கும், எடையும் குறைந்திருக்கும். ஐந்து ஆண்டுகளுக்கு முன் சரியாக இருந்த அளவு இன்று அதிகம். "அப்பாவுக்கு இப்போது சர்க்கரை தானாகவே அடங்கிவிட்டது" என்று குடும்பம் மகிழ்கிறதே, சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கேட்டு வாங்க வேண்டிய நேரம் அதுதான். சிறுநீரக வடிகட்டும் அளவு (பரிசோதனைத் தாளில் eGFR) 45-க்குக் கீழே வந்தால் மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரையின் அளவையும் குறைக்க வேண்டும். 30-க்குக் கீழே வந்தால் அதை நிறுத்தியே ஆக வேண்டும். கிளிபென்கிளமைட் என்ற பழைய மாத்திரை நீண்ட நேரம் வேலை செய்வது. முதியோருக்கு அதைத் தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவ உலகில் பொதுவாக ஒப்புக்கொண்ட கருத்து. வீட்டில் பழைய இருப்பு கிடந்தால் மருந்தாளரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இளையவருக்குச் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், பசி எடுக்கும். முதியவருக்கு இந்த எச்சரிக்கைகள் மங்கிப்போகும். இரத்த அழுத்தத்துக்கோ இதயத்துக்கோ பிசோப்ரோலால், மெட்டோப்ரோலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு நடுக்கமும் படபடப்பும் இன்னும் மறைந்துவிடும். வியர்வை மட்டும் மிஞ்சும். வெளியே தெரிவது வேறு: பேச்சு குழறுகிறது, கால் தள்ளாடுகிறது, பேரன் பெயர் மறந்துபோகிறது, காரணமில்லாமல் கோபம் வருகிறது. "வயசாயிருச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். அல்லது பக்கவாதம் என்று பதறுகிறோம். இன்சுலின் போடுபவரிடம் திடீர் மாற்றம் எதைக் கண்டாலும் முதல் வேலை விரலில் குத்திப் பார்ப்பது. மானி கைக்கு எட்டவில்லை என்றால், நினைவோடு இருப்பவருக்கு இனிப்பைக் கொடுத்துவிடலாம். அந்தச் சில நிமிடங்கள் ஏறும் சர்க்கரையால் பெரிய கெடுதல் வராது.

என்ன கொடுப்பது, எவ்வளவு என்பதில்தான் நிறையத் தவறு நடக்கிறது. தேவை 15 கிராம் சர்க்கரை: தேக்கரண்டியால் மூன்று கரண்டி சீனி, அரை டம்ளர் தண்ணீரில் கலக்கி. 15 நிமிடம் கழித்து மறுபடி குத்திப் பார்க்க வேண்டும். இன்னும் 3.9-க்குக் கீழே இருந்தால் அதே அளவு மீண்டும். ஏறிய பிறகு ரொட்டியோ சோறோ ஏதாவது சாப்பிட வைக்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேருவதைத் தாமதப்படுத்தும். தே தாரிக் என்ற பால் தேநீரும் அவசரத்துக்கு ஏற்றதல்ல. காரணம் அதுவே, கூடவே அதில் சர்க்கரை எவ்வளவு என்ற கணக்கும் தெரியாது. குடலில் சர்க்கரை செரிப்பதைத் தாமதப்படுத்தும் அகார்போஸ் மாத்திரை சாப்பிடுபவருக்குச் சாதாரண சீனி மெதுவாகத்தான் வேலை செய்யும். அவருக்கு மருந்துக் கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 999-ஐ அழையுங்கள். கிளிக்லசைட் போன்ற மாத்திரையால் இறங்கியிருந்தால், தெளிந்துவிட்டார் என்று வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடாது; மாத்திரையின் வேலை முடியாததால் சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். ஆஸ்பத்திரியில் கண்காணிக்க வேண்டும்.

அரசு கிளினிக்குகளில் நம் முதியோர் பலருக்குக் கிடைப்பது 30/70 கலவை இன்சுலின். அதில் 30 பங்கு அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கும். 70 பங்கு மெதுவானது. போட்டு நான்கு மணி நேரத்துக்குப் பிறகுதான் அது உச்சத்துக்கு வரும். காலை 7 மணிக்குப் போட்டுவிட்டுப் பசியாறியவர் மதியச் சாப்பாட்டை இரண்டரை மணிவரை தள்ளினால், பன்னிரண்டு ஒரு மணிக்கே சர்க்கரை இறங்கத் தொடங்கும். இரவு 8 மணிக்குப் போட்டது விடியற்காலை 2, 3 மணிக்கு வேலை செய்துகொண்டிருக்கும். தலையணை வியர்வையில் நனைவது, கெட்ட கனவு, காலையில் தலைவலி ஆகியவை இருந்தால் ஓரிரு நாள் அந்த நேரத்தில் எழுப்பிக் குத்திப் பாருங்கள். ஊசியைப் போட்டுவிட்டு "அப்புறம் சாப்பிடலாம்" என்று உட்கார்ந்திருக்கவே கூடாது. சாப்பாடு தயாராகி, சாப்பிட மனமும் இருந்தால்தான் ஊசி.

ஊசி போடும் முறையிலும் சிலவற்றைச் சொல்ல வேண்டும். கலங்கலான இன்சுலினைப் பேனாவோடு உள்ளங்கைகளுக்கு நடுவில் 10 முறை உருட்டி, பிறகு 10 முறை மேலும் கீழுமாகக் கவிழ்த்து, முழுவதும் ஒரே பால் நிறமாக வந்தபின் போட வேண்டும். இப்படிக் கலக்காமல் போட்டால் ஒரு நாள் மருந்து குறைவாகவும் இன்னொரு நாள் கூடுதலாகவும் போகும். காரணம் தெரியாமல் சர்க்கரை ஏறி இறங்குவதற்கு இது முக்கிய காரணம். ஒவ்வொரு முறையும் 2 யூனிட் வெளியே தள்ளி, ஊசி முனையில் துளி வருகிறதா என்று பார்த்த பிறகே அளவைத் திருக வேண்டும். குத்தி அழுத்தியபின் பத்து எண்ணும்வரை எடுக்கக்கூடாது. 4 மில்லிமீட்டர் ஊசி எல்லா உடலுக்கும் போதும். போட்டு முடிந்ததும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். மாட்டியே வைத்தால் காற்று உள்ளே போகும், மருந்து கசியும். தொப்புளைச் சுற்றி இரண்டு விரல் தள்ளி, நேற்றைய இடத்திலிருந்து ஒரு விரலாவது விலகிப் போட வேண்டும். வலிக்கவில்லை என்று ஒரே இடத்தில் போட்டுப் போட்டு அங்கே கொழுப்புக் கட்டி எழுந்துவிடுகிறது. கட்டிக்குள் போகும் இன்சுலின் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. சர்க்கரை ஏறுகிறது என்று டாக்டர் அளவைக் கூட்டுகிறார். ஒருநாள் யாரோ சொல்லி இடத்தை மாற்றினால், கூட்டிய அளவு முழுவதும் உடலில் சேர்ந்து சர்க்கரை சடாரென்று இறங்கும். கட்டி உள்ளவர் இடம் மாற்றும்போது அளவைக் குறைப்பது பற்றி டாக்டரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

சேமிப்பைப் பற்றிச் சுருக்கமாக: திறக்காதது ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில், 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். உறைந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். பயன்பாட்டில் உள்ளது 30 டிகிரிக்கு மேல் போகக்கூடாது; பல வகைகளுக்கு 28 நாள்தான் ஆயுள், பெட்டியிலுள்ள தாளைப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய காரில் வைத்தது கெட்டுவிட்டது என்றே கொள்ளுங்கள். மண்பானைக்குள் வைக்கும் யோசனை வறண்ட ஊர்களுக்கு ஏற்றது. பினாங்கின் ஈரக் காற்றில் தண்ணீர் மெதுவாகத்தான் ஆவியாகும், அந்த அளவுக்குக் குளிராது.

இனி இலக்கு. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி இரத்தப் பரிசோதனை 7 விழுக்காட்டுக்குக் கீழே இருக்க வேண்டும் என்று எல்லோரும் மனப்பாடமாகச் சொல்கிறோம். 2008-இல் வெளியான வட அமெரிக்காவின் அக்கார்டு ஆய்வில் 10,251 நீரிழிவு நோயாளிகள் பங்கேற்றார்கள். சராசரி வயது 62. ஒரு பிரிவினருக்கு 6.0-க்குக் கீழே இறக்க முயன்றார்கள். அந்தப் பிரிவில் 257 பேர் இறந்தார்கள். வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 203 பேர். அந்தக் கடுமையான சிகிச்சையை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. இன்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம், உடல்நலமும் நினைவும் நன்றாக உள்ள முதியவருக்கு 7.0 முதல் 7.5-க்குள் என்றும், பல நோய்களோ மறதியோ உள்ளவருக்கு 8.0-க்குள் என்றும் தளர்த்திச் சொல்கிறது. எச்பிஏ1சி ஒரு சராசரி மட்டுமே என்பதும் நினைவிருக்கட்டும். விடியலில் 3-ம் மாலையில் 13-ம் காட்டுபவருக்கும் தாளில் அழகான எண் வரும். இரத்தச் சோகை, தலசீமியா, சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவர்களிடம் அந்த எண்ணே பிசகும்.

விரதத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ரமலான் நோன்புக்கு மருந்தை எப்படி மாற்றுவது என்று நம் கிளினிக்குகளில் முறையாக ஆலோசனை தருகிறார்கள். கந்த சஷ்டிக்கும், புரட்டாசி சனிக்கிழமைக்கும், தைப்பூச விரதத்துக்கும் நம்மவர்கள் கேட்பதே இல்லை; டாக்டருக்குத் தெரியவும் தெரியாது. சாப்பிடாமல் வழக்கமான கலவை இன்சுலினைப் போடுவது ஆபத்து. பயந்துகொண்டு இன்சுலினை முழுவதும் நிறுத்துவதும் ஆபத்து. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் மாத்திரை எடுப்பவர் பட்டினி கிடந்தால், சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே இரத்தம் அமிலமாகிவிடக்கூடும். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குதல் அதன் அறிகுறிகள். இரண்டு வாரம் முன்பே கிளினிக்கில் "எனக்கு இத்தனை நாள் விரதம், இந்த வேளை மட்டும் சாப்பிடுவேன்" என்று சொன்னால் அளவை மாற்றித் தருவார்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் மதிய வெயிலில் தார் ரோட்டில் வெறுங்காலோடு காவடிக்குப் பின்னால் நடக்க வேண்டாம் என்று உறவினர்கள் உறுதியாகச் சொல்ல வேண்டும். கொப்புளம் எழுந்ததே அவருக்குத் தெரியாது.

உணர்ச்சி குறைவதெல்லாம் நீரிழிவால்தான் என்றும் முடிவு கட்டக்கூடாது. பல ஆண்டுகள் மெட்ஃபார்மின் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம்; மரக்கறி மட்டும் உண்பவருக்கு வாய்ப்பு அதிகம். அதுவும் கால்களை மரத்துப்போக வைக்கும். ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும், சரிசெய்யவும் முடியும்.

"இன்சுலின்தான் முதுமையைக் கொண்டுவருகிறது, ஊசியை நிறுத்துங்கள்" என்ற செய்தி ஒன்று கைப்பேசிகளில் சுற்றுகிறது. இது எனக்கு மிகுந்த கவலை தருகிறது. இதன் வேர் உண்மையான ஆராய்ச்சியில் இருக்கிறது. 1993-இல் சிந்தியா கென்யனின் குழு, ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் டாஃப்-2 என்ற ஒரே மரபணுவை மாற்றி, அதன் ஆயுளை இரண்டு மடங்குக்கும் மேலாக்கியது. அந்த மரபணு, செல்லில் இன்சுலின் வந்து ஒட்டும் ஏற்பியைப் போன்ற ஒன்றை உண்டாக்குவது என்று பின்னர் தெரியவந்தது. ஆனால் அது கணையம் தளர்ந்துபோன மனிதருக்கு ஊசியை மறுப்பதற்கான ஆதாரமாகாது. இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படும்போதே இன்சுலின் சுரக்கும் திறனில் ஏறக்குறைய பாதி போய்விட்டிருக்கும் என்று பிரிட்டனின் பெரிய ஆய்வு காட்டியது. தேவையான இன்சுலின் இல்லாத உடல் தன் தசையையே கரைக்கும். தசை கரைந்த முதியவர் விழுவார், இடுப்பெலும்பு முறியும். மெட்ஃபார்மினை ஆயுள் மாத்திரையாக நினைத்து, நீரிழிவு இல்லாதவர்கள் வாங்கிச் சாப்பிடுவதும் வேண்டாம். 2019-இல் வந்த ஓர் ஆய்வில், எடை தூக்கிப் பயிற்சி செய்த 65 வயதுக்கு மேற்பட்டோரில் மெட்ஃபார்மின் எடுத்தவர்களுக்குத் தசை குறைவாகவே வளர்ந்தது.

தசையைக் காப்பதுதான் இங்கே முக்கியம், ஏனென்றால் இன்சுலினின் தூண்டுதலால் சர்க்கரையை அதிகமாக எடுத்துக்கொள்வது தசைதான். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிட நடை, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருவது, பருப்பு, முட்டை, மீன் தினமும் தட்டில் இருப்பது ஆகியவை பிளாட் வீட்டுக்குள்ளேயே முடியும். கஞ்சி மட்டும் குடித்துச் சர்க்கரையைக் கட்டுப்படுத்துகிறேன் என்பவர் சர்க்கரையை ஏற்றிக்கொண்டு தசையை இழக்கிறார்.

தங்கள் நாளேட்டின் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். அரசு கிளினிக்குகளில் இன்சுலின் பேனாவோடு கொடுக்கும் விளக்கத் தாள் தமிழிலும் பெரிய எழுத்தில் கிடைக்க வேண்டும். சர்க்கரை இறங்கினால் செய்ய வேண்டியது அதன் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். பிள்ளைகளும் ஆண்டுக்கு ஒரு முறையாவது பெற்றோருடன் கிளினிக்குக்குப் போய் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்: அவர்களின் சிறுநீரக வடிகட்டும் அளவு என்ன, அதற்கேற்ற எச்பிஏ1சி இலக்கு என்ன, இப்போதைய இன்சுலின் அளவைக் குறைக்கலாமா?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளர் ஒருவர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு.