காற்று ஸ்பிரிங் காடிலாக்

ஆசிரியருக்கு, வணக்கம்.

1950களின் அமெரிக்கச் சொகுசுக் கார் என்றாலே 1959 காடிலாக்கின் வால் துடுப்பைத்தான் காட்டுகிறார்கள். பொறியியல் துணிச்சலுக்கு அதே காடிலாக்கின் 1957-58 எல்டொராடோ புரோஹம் மாடலைப் பார்க்க வேண்டும்: துருப்பிடிக்காத எஃகுக் கூரை, 13,074 டாலர் விலை, இரண்டு ஆண்டுகளில் மொத்தமே 704 கார்கள்.

இந்தக் காரில் நான்கு சக்கரத்துக்கும் சுருள் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று ஸ்பிரிங், அதாவது அடைத்த காற்றே காரைத் தாங்கும் அமைப்பு. மின்சாரக் கம்ப்ரஸர் காற்றடைக்க, வால்வுகள் காரின் உயரத்தைச் சமன்செய்யும். காற்று கசிந்ததால் நிறுத்திவைத்த கார் தரையை நோக்கி இறங்கியது. பலர் சுருள் ஸ்பிரிங்குக்கே மாற்றிவிட்டார்கள். பெரிய இழப்பு அது.

மூல அமைப்பை மீட்பவர்கள் முதலில் இணைப்புகளிலும் வால்வுகளிலும் சோப்பு நீர் தடவிக் கசிவைத் தேடட்டும். கசிவை விட்டுவிட்டுப் புதுக் கம்ப்ரஸர் போட்டால், அது ஓயாமல் ஓடிச் சூடேறிக் கெட்டுவிடும்.

- பழைய கார் ஆர்வலர், கோவை