விமானத்துக்குப் பெரிதும் ஒரே நிறுவனத்தை நம்பி நிற்கும் கோவையும் சேலமும்

ஆசிரியருக்கு வணக்கம்.

விமானத் தொழிலில் போட்டி நன்றாக நடக்கிறது, அதனால்தான் சாமானியரும் பறக்கிறார் என்று உங்கள் போன இதழ்க் கட்டுரை சொன்னது. அவிநாசியில் இருபது வருடமாகப் பனியன் கம்பெனி நடத்தும் என்னால் அதை முழுதாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. நாடு முழுவதும் எத்தனை கம்பெனி இருந்தால் எனக்கென்ன? நான் போக வேண்டிய ஊருக்கு, நான் போக வேண்டிய நேரத்தில், கோவையிலிருந்து எத்தனை பேர் பறக்கிறார்கள் என்பதுதான் எனக்குப் போட்டி.

சில வருடங்களுக்கு முன் நான் அடிக்கடி போகும் ஒரு வடக்கத்தி ஊருக்கு இங்கிருந்து இரண்டு கம்பெனிகள் விமானம் விட்டன. காலையில் ஒன்றில் போய், சரக்கு வாங்கும் பையரிடம் சாம்பிளைக் காட்டிவிட்டு, மாலையில் மற்றதில் வீடு திரும்பிவிடலாம். ஒரு நாள் இரண்டாவது கம்பெனி நிறுத்திக்கொண்டது. அடுத்த மாதமே டிக்கெட் விலை ஏறக்குறைய இரண்டு மடங்கு. ராத்திரி தங்கும் செலவு தனி. பெட்ரோல் விலையும் ஏறவில்லை, தூரமும் கூடவில்லை. கேட்க ஆளில்லாமல் போனதுதான் காரணம்.

சின்ன கம்பெனிகள் ஏன் நிலைப்பதில்லை என்பது மில்காரர்களுக்குச் சட்டென்று புரியும். பருத்தி வரத்து அதிகமாக இருக்கும் மாதங்களில் பெரிய மில் ரொக்கத்தைக் கொடுத்துப் பஞ்சை வாங்கிக் குடோனில் அடுக்கிவிடும். சின்ன மில் மாதாமாதம் வாங்கும், விலை ஏறின பிறகும் வாங்கியே ஆக வேண்டும். நூல் விலையில் இருவரும் மோதினால் யார் முதலில் ஷிஃப்டைக் குறைப்பார் என்று சொல்லத் தேவையில்லை. விமானத் தொழிலில் அந்தப் பெரிய மில் மாதிரிதான் இண்டிகோ கம்பெனி. 2006இல் முதல் விமானத்தை ஓட்டுவதற்கு முன்பே, 2005இல், 100 ஏர்பஸ் விமானங்களுக்கு ஒரே மொத்தமாக ஆர்டர் கொடுத்துவிட்டது. மொத்தமாக வாங்கியதால் விலை குறைவு. வந்த விமானத்தைக் குத்தகைக் கம்பெனிக்கு விற்று, அதையே வாடகைக்கு எடுத்து ஓட்டியதால் முதலும் முடங்கவில்லை. ஆரம்ப வருடங்களில் ஒரே ரக விமானம்தான். எந்த விமானிக்கும் எந்த விமானத்தையும் கொடுக்கலாம், உதிரிபாகமும் ஒரே மாதிரி. இறங்கிய விமானம் அரை மணி நேரத்தில் மறுபடி கிளம்பிவிடும். இதெல்லாம் நல்ல தொழில் புத்தி, நான் மதிக்கிறேன். 2023இல் இன்னும் 500 விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். மதுரைக் குழுமம் ஒன்று தொடங்கிய பாரமவுண்ட் விமானக் கம்பெனி 2005இல் வந்தது, 2010இல் நின்றது. நம் கோவையிலேயே பிறந்த ஏர் கார்னிவல் 2016 ஜூலையில் ஏடிஆர் என்ற சின்ன ரக விமானத்தோடு பறந்தது, மறு வருடமே முடங்கியது. நம் ஊர்ப் பெயரில் ஒரு விமானம் என்று அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டோம்! நாலு விமானம் வைத்திருப்பவருக்கு ஒன்று பழுதானால் கால்வாசித் தொழில் படுத்துவிடும். வாடகையை டாலரில் கட்ட வேண்டும். செலவில் பெரிய பங்கு எரிபொருளுக்கே போகிறது; அது ஜிஎஸ்டிக்குள் வராது, தமிழ்நாட்டில் அதன்மேல் 29 சதவீதம் வாட் என்ற மாநில விற்பனை வரி.

சேலத்தின் கதை இன்னும் வருத்தமானது. கிங்ஃபிஷர் விமானம் வந்தது, போனது. 2018இல், சின்ன ஊர்களுக்கும் விமானம் விட மத்திய அரசு கொண்டுவந்த உடான் திட்டத்தில், ட்ரூஜெட் வந்தது, 2021இல் அதுவும் போனது. மறுபடி 2023 அக்டோபரில்தான் அங்கே பயணிகள் விமானம் இறங்கியது. உடானில் முதலில் வருபவருக்கு மூன்று வருடம் மானியமும் உண்டு, அந்தத் தடத்தில் தனி உரிமையும் உண்டு. யாராவது தொடங்க வேண்டும் என்பதற்காக அப்படி வைத்தார்கள், சரி. மூன்று வருடம் முடிந்ததும் என்ன என்பதற்குத்தான் பதில் இல்லை.

2025 டிசம்பர் முதல் வாரத்தை உங்கள் கட்டுரையாளர் எப்படி மறந்தார் என்று தெரியவில்லை. விமானிகளுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமாக வேண்டும், ராத்திரி வேலை குறைய வேண்டும் என்ற புது விதிகளுக்கு இண்டிகோ தயாராகவில்லை. ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாயின. மற்ற விமானங்களின் டிக்கெட் விலை எகிற, 500 கிலோமீட்டருக்குள் 7,500 ரூபாய் என்று அரசே உச்சவரம்பு வைக்க வேண்டியதாயிற்று. அப்புறம் நடந்ததுதான் என்னை உறுத்துகிறது. பயணிகளின் பாதுகாப்புக்காக வந்த விதியிலேயே அந்தக் கம்பெனிக்குத் தற்காலிக விலக்கு கொடுத்தார்கள். கொடுக்காவிட்டால் நாடே நின்றுவிடும் என்ற நிலை. ஒரு கம்பெனி அந்த அளவுக்கு வளர்ந்த பிறகு டிக்கெட் மலிவாக இருப்பதை வைத்துப் போட்டி இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

சென்னைக்குப் போகிறவருக்காவது 2023 முதல் வந்தே பாரத் இருக்கிறது, ஆறு மணி நேரத்தில் போய்விடலாம். டெல்லிக்கும் மும்பைக்கும் அவசரமாகப் போகிறவருக்கு அந்த வழியும் இல்லை.

மாநில அரசிடம் ஒன்று கேட்கிறேன். கோவையிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஒரே கம்பெனி மட்டும் பறக்கும் தடங்களில், இரண்டாவதாக வருபவருக்கு முதல் இரண்டு வருடம் எரிபொருள் வாட்டைக் குறைத்துக் கொடுங்கள். விமான நிலைய ஆணையம் அவர்களுக்குக் காலையிலும் மாலையிலும் நல்ல நேரம் ஒதுக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்கு இடம் கொடுத்தால் தொழில்காரர் யாரும் ஏற மாட்டார்.

எங்களுக்கும் இதில் பங்கு இருக்கிறது. புதிதாக வருபவருக்குப் பயம், சீட் நிரம்புமா என்பதுதான். திருப்பூர் ஏற்றுமதியாளர்களும் கோவை மில்காரர்களும் ஆஸ்பத்திரிகளும் சேர்ந்து மாதம் இத்தனை சீட் என்று முன்பணம் கட்டி எடுத்துக்கொள்ளலாம். எங்கள் சின்ன கம்பெனியே மாதம் ஆறேழு டிக்கெட் போடுகிறது. இரண்டாவது விமானம் வந்தால், பழைய கம்பெனி ஐந்நூறு ரூபாய் குறைத்துக் காட்டினாலும், அதில் பாதி டிக்கெட்டைப் புதியவரிடமே எடுப்பேன்.

இப்படிக்கு,
பனியன் உற்பத்தியாளர் ஒருவர்,
அவிநாசி.