தி.நகருக்கு பஸ்ஸில் வருகிறவர்களையும் கணக்கில் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தி.நகரில் வண்டி நிறுத்த இடமே இல்லை, இன்னும் இரண்டு அடுக்குமாடி பார்க்கிங் கட்டினால்தான் வியாபாரம் பிழைக்கும் என்று சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய சிரமம் புரிகிறது. கைக்குழந்தையோடு அரை மணி நேரம் காரில் சுற்றிச் சுற்றி வருவது கொடுமைதான். ஆனால் அவர் கேட்கும் தீர்வு சரியில்லை. முப்பது வருடமாக மேற்கு மாம்பலத்தில் குடியிருந்து, தி.நகருக்கு நடந்தே போய் வருகிறவள் நான். என் பக்கத்தையும் சொல்ல வேண்டும்.

தி.நகருக்கு வரும் கூட்டம் எதில் வருகிறது? ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மாம்பலம் ஸ்டேஷனில் நின்று பாருங்கள். தாம்பரம் பக்கமிருந்து வந்த மின்சார ரயிலில் இறங்கிய கூட்டம் படியேறி முடிப்பதற்குள் கடற்கரை பக்கமிருந்து அடுத்த ரயில் வந்து நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டிலும் இதே கதைதான். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. புடவை எடுக்க வருகிறவர்கள் மட்டுமல்ல, அந்தப் புடவைகளை நாள் முழுக்க நின்று விரித்துக் காட்டுகிற பெண்களும் அதில்தான் வந்து இறங்குகிறார்கள்.

இவர்களுக்காக நல்ல காரியம் எதுவும் நடக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஸ்டேஷனையும் பஸ் ஸ்டாண்டையும் இணைக்கும் 570 மீட்டர் ஆகாய நடைபாலம் 2023 மே மாதம் திறந்த பிறகுதான், எண்பது தாண்டிய என் அம்மா மறுபடி தி.நகருக்குக் கிளம்பினார். லிஃப்டில் ஏறி, லிஃப்டில் இறங்கி, மூச்சு வாங்காமல் பஸ் ஸ்டாண்டு வரை போய்விடலாம். பாண்டி பஜாரும் அப்படித்தான். 2019 நவம்பரில் அங்கே அகலமான நடைபாதை வந்தபோது, காரை நிறுத்த முடியாவிட்டால் வாடிக்கையாளர் வரமாட்டார்கள் என்று பயந்த கடைக்காரர்கள் உண்டு. இப்போது அந்த நடைபாதை பெஞ்சுகளில் சாயங்காலம் உட்கார இடம் கிடைப்பதில்லை.

சிக்கல் அந்த ஒரு சாலையை விட்டு வெளியே வந்ததும் ஆரம்பிக்கிறது. பக்கத்துத் தெருக்களில் நடைபாதை முழுக்க டூவீலர்கள். அம்மா ஒவ்வொரு முறையும் தார் ரோட்டில் இறங்கித்தான் நடக்க வேண்டியிருக்கிறது. பஸ் நிறுத்தத்துக்கு முன்னால் காரும் ஆட்டோவும் நிற்பதால் பஸ் நடு ரோட்டிலேயே நிற்கும். முழங்கால் வலியோடு அங்கே ஓடிப்போய், தரையிலிருந்து நேராக அந்த உயரப் படியில் கால் வைத்து ஏறுவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

சரி, பார்க்கிங் கட்டடத்துக்கு வருகிறேன். தணிகாசலம் சாலையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 200க்கு மேல் கார்களும் 500க்கு மேல் டூவீலர்களும் நிறுத்தலாம். நான் அந்தப் பக்கம் போன பல நாட்களில் அதில் இடம் இருந்தது. ஆனால் அதே நேரத்தில் பக்கத்துத் தெருக்களின் இரண்டு ஓரமும் அடைத்துக் கிடந்தன. தெருவில் சும்மாவோ சொற்பக் காசுக்கோ நிறுத்த முடிகிறபோது கட்டடத்தைத் தேடி யார் போவார்கள்? ஒரு கார் நிற்க இரண்டரை மீட்டருக்கு ஐந்து மீட்டர் இடம் வேண்டும். ஏறக்குறைய 135 சதுர அடி. தி.நகரில் அந்த அளவு இடத்தில் ஒரு கடை நடத்தி ஒரு குடும்பமே பிழைக்கிறது. 2019இல் மாநகராட்சி கொண்டுவந்த கட்டணம் காருக்கு மணிக்கு 20 ரூபாய். ஒரு டம்ளர் காபியின் விலைக்கு அந்த இடத்தைக் கொடுத்தால், எத்தனை கட்டடம் கட்டினாலும் தெரு காலியாகாது.

இதையெல்லாம் எங்கள் பகுதி ஏரியா சபைக் கூட்டத்தில், அதாவது வார்டில் குடியிருப்பவர்கள் கவுன்சிலரிடம் குறைகளைச் சொல்லும் கூட்டத்தில், எழுந்து சொன்னேன். பேசியவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்க்கிங்தான் கேட்டார்கள். வீட்டுக்காரர்கள் வீட்டு வாசலில் கேட்டார்கள், கடைக்காரர்கள் கடை வாசலில் கேட்டார்கள். வீட்டுக்கு வரும் வழியில்தான் எனக்கு ஒன்று உறைத்தது. பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து இறங்குகிறவர்களில் ஒருவர்கூட அந்தக் கூட்டத்தில் இல்லை. எப்படி இருப்பார்கள்? அவர்கள் வீடு குன்றத்தூரில், கூடுவாஞ்சேரியில், ஆவடியில். சென்னை மாநகராட்சியின் 200 வார்டுகளில் எதிலும் அவர்களுக்கு ஓட்டு இல்லை. தி.நகர் தெருவை அதிகம் நம்பி வாழ்கிறவர்களுக்கு அந்தத் தெருவைப் பற்றிப் பேச இடமே இல்லை. கவுன்சிலர் தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் பதில் சொல்வார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால்தான் இந்த முடிவுகளை வார்டு அளவில் மட்டும் விடக் கூடாது என்கிறேன். மாநகராட்சி எல்லையைத் தாண்டிய போக்குவரத்தையும் சேர்த்துப் பார்க்கத்தானே 2010இலேயே சட்டம் போட்டு சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமம் அமைக்க வழி செய்தார்கள்? அந்தக் குழுமம் தி.நகர் பனகல் பூங்கா முனையில் ஒரு சனிக்கிழமை ஆள் கணக்கு எடுக்கட்டும். எத்தனை வண்டி என்று எண்ண வேண்டாம், எத்தனை பேர் என்று எண்ணட்டும். பூந்தமல்லி – கலங்கரை விளக்கம் மெட்ரோ தடத்தில் பனகல் பூங்காவும் ஒரு நிலையம். அங்கே இறங்குகிறவர்களுக்கும் நடக்க இடம் வேண்டும்.

மாநகராட்சிக்கும் ஒரு வேண்டுகோள். போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கும் செலவிட வேண்டும் என்று 2014இல் கொள்கை வகுத்தது நீங்கள்தான். தெருவில் நிற்கும் வண்டிகளுக்குச் சரியான கட்டணம் வாங்கி, அந்தப் பணத்தை அதே தெருக்களின் நடைபாதைக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் செலவழியுங்கள். நடக்க முடியாதவர்கள், மாற்றுத்திறனாளிகள் வரும் வண்டிகளுக்கு இடம் ஒதுக்குங்கள், அதற்குக் காசு வேண்டாம். அப்புறம், ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் ஒரு பஸ் வந்து ஓரமாக நிற்கிற அளவுக்காவது, பன்னிரண்டு மீட்டர், எந்த வண்டியும் நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்கு அம்மாவும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். பஸ் நிறுத்தத்தில் உட்கார ஒரு பெஞ்சு வேண்டும் என்று அவரே கேட்கப் போகிறாராம்.

– மேற்கு மாம்பலம் வாசகி, சென்னை