அடைமழைக்கு அழுவாச்சிக் கதை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் மழைக்காலத்தில் படிக்கப் பத்து நாவல்கள் என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பத்தில் ஆறு நான் படித்தவை. ஆறிலும் யாராவது செத்துப்போகிறார்கள், ஒன்றில் குடும்பமே. நல்ல நாவல்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் வெளியே ஐப்பசி மழை கொட்டுகிறது. கூடத்தில் கட்டிய கொடியில் மூன்று நாள் துணி காயாமல் வாடை அடிக்கிறது. பால் பாக்கெட் வாங்கப் போனால் தெருவில் கணுக்கால் தண்ணீர். இந்த லட்சணத்தில் புத்தகத்துக்குள்ளும் போய் அழ வேண்டுமா? சிரிக்கச் சிரிக்க ஒரு காதல் கதைகூடவா உங்கள் கண்ணில் படவில்லை?

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தெருவில் மூன்று நாள் கரண்ட் இல்லை. செல்போன் முதல் நாள் சாயங்காலமே அணைந்துவிட்டது. டிவி சீரியல் இல்லாமல் என் மாமியார் நிலைகொள்ளாமல் தவித்தார். அப்போது அவருக்கு 82 வயது. பரணிலிருந்து ஒரு பைண்டு புத்தகத்தை இறக்கினேன். வாராவாரம் வந்த தொடர்கதையை அத்தையே பத்திரிகையிலிருந்து கிழித்துச் சேர்த்து, கோணி ஊசியால் தைத்து, காலிகோ அட்டை போடக் கொடுத்தது. ஐம்பது வருஷமாவது இருக்கும். கதாநாயகி கதவைத் திறக்கப் போகிற இடத்தில் எதிர்ப்பக்கம் பல்பொடி விளம்பரம். அடுத்த தாளில் ஒரு ஜோக், பாதியோடு சரி.

பெண் பார்க்க வந்தவனை ரேடியோ ரிப்பேர்காரன் என்று நினைத்து, கதாநாயகி அவன் கையில் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுத்துவிடுகிறாள். அவனும் அசடு வழிய வாங்கி ரேடியோவை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துவிடுகிறான். அதைத் திரும்ப மாட்டுவதற்குள் காதல். மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் சத்தமாகப் படிக்க, அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார். கடைசி இரண்டு வாரத்தை யாரோ இரவல் வாங்கிப் போனவர்கள் கொடுக்கவில்லையாம். முடிவைக் கேட்டால், "கல்யாணம் ஆயிடும், ரேடியோ மட்டும் பாடாது" என்றார். மறுநாள் கேட்டேன். "பாடும்டி, ஆனா இலங்கை வானொலி மட்டும்தான்."

அழவைக்க ஓர் ஆஸ்பத்திரிக் கட்டில் போதும். சிரிக்க வைக்க ஒரு வார்த்தை முன்னே பின்னே போகக்கூடாது. தேவன் (1913–1957) விகடனில் அதைத்தான் வாராவாரம் செய்துகாட்டினார். அவருடைய 'கோமதியின் காதலன்' 1955-ல் படமாகவே வந்தது. இருந்தும் நாவல் என்று பேச்சு வந்தால், 'நகைச்சுவை எழுத்தாளர்' என்று அவருக்கு ஒரு மூலை நாற்காலி போட்டுவிடுகிறோம்.

இந்த வகையில் வருவதெல்லாம் தங்கம் என்று சொல்ல வரவில்லை. பணக்காரத் திமிரில் கதாநாயகன் கன்னத்தில் அறைவான், பத்தாம் பக்கத்தில் அவள் மனசு அவனிடம் போய்விடும். அப்படிப்பட்ட மாத நாவல்கள் நிறையப் பார்த்தாகிவிட்டது. அவற்றில் எனக்குச் சிரிப்பும் வரவில்லை, காதலும் தெரியவில்லை. தயவுசெய்து அவற்றைச் சேர்த்துவிடாதீர்கள்.

எதைச் சேர்ப்பது என்று குழம்பினால் ஒரு வழி இருக்கிறது. நான் கல்யாணமாகி வந்த புதிதில் இங்கே ஒரு வாடகை நூலகம் இருந்தது. படித்ததையே மறுபடி எடுத்துவிடக் கூடாதென்று, முடித்தவர்கள் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் ஆளுக்கொரு அடையாளம் வைப்போம். ஒருத்தி பூப் போடுவாள், ஒருத்தி நட்சத்திரம். நான் மீன். கடைசிப் பக்கம் கோலம் போட்ட வாசல் மாதிரி இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்து வரலாம். எந்த மதிப்புரையும் எனக்கு அவ்வளவு உதவியதில்லை. நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. ஆனால் அங்கே புத்தகம் எடுத்த பெண்கள் இந்த ஊரில்தான் இருக்கிறோம், கேட்டால் சொல்வோம்.

ஜனவரியில் புத்தகக் காட்சி வருவதற்குள் இன்னொரு பட்டியல் போடுங்கள். யாரும் சாகாத கதைகளாக ஐந்து போதும்.

இதை எழுதும்போது அத்தை பக்கத்தில்தான் இருக்கிறார். எழுத்தைக் கொஞ்சம் பெரிசாக அச்சடிக்கச் சொல்லி, அதையும் சேர்த்து எழுதச் சொல்கிறார்.

மடிப்பாக்கம் வாசகி,
சென்னை-91