லேபிளைத் திருத்துங்கள்: பூச்சிக்கொல்லிப் பதிவு அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பூச்சிக்கொல்லிகளுக்குப் பதிவு வழங்கும் அதிகாரிகளுக்கும் அறிவியல் குழுக்களுக்கும் வணக்கம்.

ஒரு மருந்து எலிக்கு எவ்வளவு நஞ்சு, மீனையும் தேனீயையும் என்ன செய்யும், மண்ணில் எத்தனை நாள் தங்கும் என்று கட்டுக்கட்டாக ஆய்வறிக்கைகளைப் பார்த்துத்தான் அனுமதி தருகிறீர்கள். அந்த உழைப்பெல்லாம் தெளிப்பவர் கைக்குப் போய்ச் சேர்வது புட்டியில் ஒட்டிய லேபிள் வழியாகத்தான். அதில் இருப்பதை வயலில் செய்யவே முடியாது என்றால் சட்டம் எவரையும் காப்பாற்றாது.

முதலில் அறுவடைக்கு முந்தைய காத்திருப்புக் காலம், அதாவது மருந்து அடித்த பிறகு பறிக்கும்வரை விடவேண்டிய நாட்கள். வெண்டையை ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்க வேண்டும். அதற்கு 7 நாள் காத்திருக்கச் சொல்லும் மருந்தை அனுமதித்தால், மூன்று பறிப்பு போய்விடும், காயும் முற்றி நாராகிவிடும். காத்திருக்கமாட்டார்கள் என்பது பதிவு செய்யும்போதே தெரிந்த விஷயம். தொடர்ந்து பறிக்கும் பயிர்களுக்கு, பறிப்பு இடைவெளிக்குள் காயில் தங்கும் மருந்து எச்சம் சட்ட வரம்புக்குக் கீழே இறங்கும் மருந்துகளை மட்டும் அனுமதியுங்கள்.

இன்னொன்று: அந்த 7 நாள் லேபிளில் உள்ள அளவுக்கும் தடவைக்கும் மட்டுமே செல்லும். பயிரில் பாதியாகக் குறைய 4 நாள் எடுக்கும் மருந்தை இரு மடங்கு அடித்தால், அதே எச்ச அளவுக்கு வர 11 நாள் ஆகும். இதை எந்த லேபிளும் உரக்கச் சொல்வதில்லை. பரிந்துரைக்காத பயிரில் அடித்தாலும் சிக்கல்தான். தனி வரம்பு வகுக்காத இடத்தில் பல நாடுகள் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் என்றே வைத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் ஆய்வகச் சோதனையில் சரக்கு திரும்பிவிடும்.

அளவு ஏன் இரட்டிப்பாகிறது என்பதற்கும் லேபிளே பாதிக் காரணம். 'ஹெக்டேருக்கு 500 மில்லி, 500 லிட்டர் நீரில்' என்கிறது அது. தெளிப்பவரிடம் இருப்பதோ 16 லிட்டர் கைத்தெளிப்பான். கணக்குப்படி டேங்குக்கு 16 மில்லி, ஹெக்டேருக்கு 31 டேங்க். முதுகில் சுமந்து 31 டேங்க் அடிப்பது யார்? 15 டேங்கில் முடிப்பார்கள், பாதி மருந்துதான் விழும், பூச்சி சாகாது. அடுத்த முறை மூடிக் கணக்கில் கூடுதலாக ஊற்றுவார்கள். அந்த மூடியிலோ மில்லி கோடே கிடையாது. டேங்குக்கு எவ்வளவு, எத்தனை டேங்க் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிடவும், கோடிட்ட அளவுமூடி தரவும் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துங்கள். ஒரு டேங்குக்கான சிறு பொட்டலமும் வேண்டும். இல்லாவிட்டால் கடையில் வேறு பாட்டிலில் ஊற்றித் தருவார்கள், லேபிள் அங்கேயே தங்கிவிடும்.

பாதுகாப்பு உடை விஷயத்தில் உங்களிடம் ஏற்கெனவே ஆயுதம் இருக்கிறது. உணவு வேளாண்மை அமைப்பும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட பூச்சிக்கொல்லி மேலாண்மை நடத்தை நெறியின் 3.6 பிரிவு, அசௌகரியமான, விலை கூடிய, எளிதில் கிடைக்காத உடை தேவைப்படும் மருந்துகளைத் தவிர்க்கச் சொல்கிறது, குறிப்பாக வெப்ப நாடுகளின் சிறு விவசாயிகளுக்கு. 'கையுறை அணியவும்' என்ற ஒரு வரி இதற்கு ஈடாகாது. எந்தக் கையுறை? துணிக் கையுறை மருந்தை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். வெறுங்கையைவிட மோசமாகவும் ஆகலாம். நைட்ரைல் (ஒரு செயற்கை ரப்பர்) என்று பெயர் சொல்லுங்கள். கலக்கும் நேரத்தில்தான் அடர்மருந்து கையில் படுகிறது என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

காலிப் புட்டிக்கு மூன்று அலசல் போதும்: கால் பங்கு நீர், 30 நொடி குலுக்கல், அலசிய நீர் டேங்குக்குள். கலக்கும்போதே செய்யவேண்டும், காய்ந்துவிட்டால் மருந்து எளிதில் வராது. பிறகு புட்டியைக் குத்தி ஓட்டையிட வேண்டும்.

கடைசியாக, தடை ஆணைகள். மருந்தைத் தடைசெய்கிறீர்கள், கிடங்கிலும் கடையிலும் இருக்கும் சரக்கு என்ன ஆகும் என்று பல நேரம் தெளிவாக எழுதுவதில்லை. விற்பனை எந்த நாளில் முடிகிறது, மிச்சத்தை யார் திரும்பப் பெறுவது, அழிக்கும் செலவு யாருடையது என்ற மூன்றையும் பதிவு தரும் நாளிலேயே நிபந்தனையாக்குங்கள். தடை வந்த பிறகு கேட்டால் எந்த நிறுவனமும் ஒப்புக்கொள்ளாது.

இப்படிக்கு,
பயிர்ப் பாதுகாப்புக் களப்பணியாளர்கள்